பீம் தூணில் சேரும் இடம்: ராமநாதபுரம் கடற்கரைக் கட்டடங்களுக்கு ஸ்லாப் மாடல் போடும் முறை

ராமேசுவரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்து மாடி வீடுகளில் துரு தலைகாட்டும் இடங்களில் ஒன்று, மொட்டை மாடியில் பீம் தூணோடு சேரும் மேல்மூலை. உப்புக் காற்று காரணம்தான். ஆனால் அந்த உப்பு உள்ளே போக வழிவிடும் விரிசலுக்குப் பல நேரம் டிசைன் மேசையிலேயே அடிபோட்டாகிவிடுகிறது. மென்பொருளில் பீமின் முனையை ‘பின்’ (கீல்போலத் தடையின்றித் திரும்பும் முனை) என்று விட்டுவிட்டால் அங்கே மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) பூஜ்யம் என்று கணக்கு வரும், மேலே ரிங்கைத் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை) தாங்க இரண்டு கம்பி போதும் என்று வரைபடம் போகும். காங்கிரீட்டோ பீமையும் தூணையும் ஒன்றாகச் சேர்த்து ஊற்றப்பட்டது. அது பின் போலத் திரும்பாது. மொமென்ட் எடுக்கும், எடுக்கக் கம்பி இல்லாததால் மேல்பக்கம் பிளக்கும்.

காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000 சாதாரண இடத்தில் 0.3 மி.மீ. வரை விரிசல் அகலத்தை ஏற்றுக்கொள்கிறது. கடுமையான சூழலிலும் அதற்கு மேலும் 0.1 மி.மீ. அளவைத் தாண்டக்கூடாது என்கிறது. மதுரையில் தப்பித்துக்கொள்ளும் ஒரு மாடல் பாம்பனில் தப்பாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். கீழே சொல்வது சேஃப், ஈடேப்ஸ், ஸ்டாட் போன்ற எந்தக் கட்டமைப்பு மென்பொருளுக்கும் பொருந்தும். பட்டன்களின் பெயர் மட்டும் மாறும்.

முதலில் சூழல், பிறகு மாடல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் முடிவாக வேண்டியது கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன். கவர் மாறினால் பயனுறு ஆழம் (அழுத்தப்படும் முகத்திலிருந்து இழுவைக் கம்பியின் மையம் வரையான அளவு) மாறும், இணைப்பில் கம்பி உட்காரும் இடமும் மாறும். கடற்கரைக் காற்று நேரே படும் காங்கிரீட் ‘கடுமையான’ வகை: குறைந்தது எம்30 (எம் எண் காங்கிரீட்டின் வலிமைத் தரம்), கவர் 45 மி.மீ. அலைத்தூவல் படும் இடம் ‘மிகக் கடுமை’: எம்35, 50 மி.மீ. மூக்கையூர் மீன்பிடித் துறைமுகம் போன்ற இடங்களில் ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தில் நிற்கும் உறுப்புகள் ‘உச்சக் கடுமை’: எம்40, 75 மி.மீ. வீட்டுக்குள்ளே உப்புக் காற்று படாத மறைவான பரப்புக்கு மட்டுமே ‘மிதமான’ வகை, எம்25, 30 மி.மீ. என்று போகலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு கிரேடு வைத்தால் தளத்தில் கலந்துவிடும். முழுக்க எம்30 என்று வைப்பதே நல்லது.

இனி எல்லாக் கணக்குக்கும் ஒரே எடுத்துக்காட்டு: தூண் 300 × 450, பீம் 230 × 450, ஸ்லாப் 150 மி.மீ., தூண் மையத்துக்கு மையம் 5 மீட்டர், மாடி உயரம் 3.2 மீட்டர், பீமின் மேல் பெருக்கிய (பாதுகாப்புப் பெருக்கெண் சேர்த்த) சுமை மீட்டருக்கு 40 கிலோநியூட்டன். கவர் 45, ரிங் 8, முதன்மைக் கம்பி 16 என்றால் பீமின் பயனுறு ஆழம் 389 மி.மீ. பழக்கத்தில் 25 கவர் போட்டால் அது 409. மென்பொருளின் டிசைன் பக்கத்தில் மேல் கவர், கீழ் கவர் இரண்டும் கம்பி மையம் வரைக்குமான அளவா, வெறும் கவரா என்று பாருங்கள். மென்பொருளுக்கு மென்பொருள் இது வேறுபடும். மையம் வரை என்றால் இங்கே 61 என்று கொடுக்க வேண்டும்.

மீள்தன்மைக் குணகத்தையும் கையால் இடுங்கள். எம்30-க்கு 5000 × √30, அதாவது சுமார் 27,400 நியூட்டன்/ச.மி.மீ. புதுக் கோப்பு திறந்ததும் இருக்கும் பொருள் பெரும்பாலும் வேறு நாட்டுக் கோடுக்கானது.

கோடு எங்கே, புள்ளி எங்கே

மென்பொருளுக்குத் தூண் ஒரு கோடு, பீம் ஒரு கோடு. இரண்டும் ஒரே நோடில் (சந்திப்புப் புள்ளியில்) முடிந்தால்தான் இணைப்பு. ஆட்டோகேட் வரைபடத்தைக் கொண்டுவரும்போது இங்கேதான் முதல் கோளாறு. வரைபடத்தில் பீம் தூணின் முகத்தோடு நின்றிருக்கும். மாடலில் அது தூண் மையத்துக்கு 150 அல்லது 225 மி.மீ. முன்பே அந்தரத்தில் முடியும். ஸ்லாப் மெஷ் (ஸ்லாபைப் பிரித்த சிறு கட்டங்களின் வலை) இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பதால் பிழை என்று எதுவும் காட்டாது. பீமின் எதிர்வினை ஸ்லாப் வழியாகத் தூணுக்குப் போகும், அந்தச் சிறு ஸ்லாப் துண்டில் தாறுமாறாக ஷியர் (வெட்டுவிசை) வரும். தூணின் முகத்தருகே ஸ்லாப் ஷியர் பொருத்தமில்லாமல் எகிறினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே தூண் மையங்களை வைத்து கிரிட் போட்டு, பீம்களை அந்த கிரிட் புள்ளியிலிருந்து புள்ளிக்கு வரையுங்கள். வெளிச்சுவரோடு பீம் சமமாக நிற்க வேண்டும் என்பதற்காக 300 அகலத் தூணில் 230 பீமை வெளிமுகத்தோடு சேர்த்தால், மையங்களுக்கிடையே 35 மி.மீ. விலகல் வரும். இதற்காக நோடை நகர்த்தாதீர்கள். 35 மி.மீ. நீளத்தில் குட்டி உறுப்பு உருவாகி மெஷ் சிதையும். நோட் தூண் மையத்திலேயே இருக்கட்டும், பீமுக்குப் பக்கவாட்டு ஆஃப்செட் (நோடிலிருந்து விலக்கம்) கொடுங்கள். தூணின் 450 பக்கத்தில் பீம் வெளியோடு ஒட்டினால் விலகல் 110 மி.மீ. ஆகும். பீம் முனை எதிர்வினை 100 கிலோநியூட்டன் என்றால் 11 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட் தூணுக்குக் கூடுதலாகப் போகிறது. அதை மாடலில் விட்டுவிடக்கூடாது.

தூண்களைச் சுற்றி மெஷ் கோடுகள் தூண் முகத்தில் விழும்படி வையுங்கள். மற்ற இடத்தில் அரை மீட்டர் போதும். மெஷை நுணுக்க நுணுக்க தூண் நோடில் ஸ்லாப் மொமென்ட் ஏறிக்கொண்டே போகும். அந்த உச்சத்துக்குக் கம்பி போட வேண்டாம், டிசைன் பட்டையின் அகலத்துக்குச் சராசரி எடுங்கள்.

பீம் ஸ்லாபுக்குக் கீழே தொங்குகிறது

இதில்தான் விறைப்பை இரண்டு முறை எண்ணும் தவறு அதிகம். ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஸ்லாப் வளைவை மட்டும் எடுக்கும் பிளேட் என்றால், ஆஃப்செட் எந்தப் பலனும் தராது. பீமை டீ வடிவமாகக் கொடுக்கலாம். இறக்கை அகலம் ஐ.எஸ். 456-படி பூஜ்ய மொமென்ட் புள்ளிகளுக்கிடையிலான தூரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதோடு பீம் அகலம், அதோடு ஸ்லாப் தடிமனின் ஆறு மடங்கு. தொடர் பீமில் அந்தத் தூரத்தைத் தூண்களுக்கிடையிலான நீளத்தின் 0.7 பங்கு எனக் கொள்ளலாம். நம் பீமுக்கு 583 + 230 + 900, சுமார் 1710 மி.மீ. இறக்கையின் தனி விறைப்பு ஸ்லாபிலும் இருப்பதால் அதைக் கழித்துவிடுங்கள்.

ஸ்லாப் வளைவோடு தன் தளத்திலேயே வரும் விசையையும் எடுக்கும் முழு ஷெல் என்றால், பீமைச் செவ்வகமாகவே கொடுத்து, மேல்முகம் ஸ்லாபின் மேல்முகத்தோடு சேரும்படி கீழே இறக்குங்கள். டீ வடிவமும் கொடுத்து ஆஃப்செட்டும் கொடுத்தால் இறக்கை இரண்டு முறை வந்துவிடும். இந்த வழியில் பீமில் அச்சு விசை தோன்றும், அது பிழையல்ல. ஆனால் மென்பொருள் காட்டும் பீம் மொமென்ட் முழு மொமென்ட் அல்ல. பீமின் மொமென்ட், அச்சு விசையை மையங்களின் இடைவெளியால் பெருக்கியது, பட்டை ஸ்லாபின் பங்கு மூன்றும் சேர்ந்ததே டிசைனுக்கு வேண்டியது. அச்சு விசையைப் பார்க்காமல் பீம் டேபிளிலிருந்து நேரே கம்பி எடுத்தால் கம்பி குறைந்துபோகும். செக்‌ஷன் கட் அல்லது டிசைன் பட்டை வழியாகக் கூட்டி எடுங்கள்.

தன்எடையும் இரட்டிக்கலாம். சில மென்பொருள் பீமும் ஸ்லாபும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியைத் தானே கழிக்கும், சில கழிக்காது. 5 × 4 மீட்டரில் ஒரே ஒரு கட்டம், நான்கு பீம், எடையில்லாத நான்கு தூண் வைத்துச் சோதியுங்கள். ஸ்லாப் 75 கிலோநியூட்டன், பீமின் தொங்கும் 300 மி.மீ. பகுதி 18 மீட்டருக்கு 31, ஆகமொத்தம் 106. எதிர்வினைகளின் கூட்டு 122 வாக்கில் வந்தால் இரட்டிக்கிறது. பீமின் எடை மாடிஃபையரை (பெருக்கெண்ணை) 0.67 ஆக்குங்கள்.

ரிஜிட் ஜோன்: ஒரே சலுகையை மூன்று முறை எடுக்காதீர்கள்

இரண்டு முனையும் முழுவதும் பிடித்த பீமாக எடுத்தால், மையத்திலிருந்து மையத்துக்கு 5 மீட்டருக்கு முனை மொமென்ட் 83 கிலோநியூட்டன்-மீட்டர். இது தூணின் நடுவில். அந்த இடத்தில் பீம் என்று ஒன்று இல்லை. 450 பக்கம் பீமின் திசையில் இருந்தால் முகம் 225 மி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே மொமென்ட் 62 தான். ஐ.எஸ். 456 ஒன்றாக வார்த்த உறுப்புக்கு முகத்து மொமென்ட்டை டிசைனுக்கு எடுக்க அனுமதிக்கிறது. இணைப்புப் பகுதி முழுவதும் ரிஜிட் (வளையாதது) என்று மாடலில் சொன்னால், பீம் 4.55 மீட்டர் நீளமாகி முகத்து மொமென்ட் 69 ஆகும்.

ஆகவே ரிஜிட் ஜோன் விகிதம் 0 என்றால் 62, 1 என்றால் 69. உண்மையில் இணைப்புக் கட்டியும் கொஞ்சம் நெகிழும். 0.5 என்று வைப்பது நல்ல நடுவழி. ஈடேப்ஸ், சேஃப் இரண்டிலும் ஆஃப்செட்டின் நீளமும் ரிஜிட் விகிதமும் தனித்தனி அமைப்புகள். நீளம் இருந்து விகிதம் 0 என்றாலும் முடிவுகள் முகத்திலிருந்தே காட்டப்படும். ஸ்டாட்டில் மெம்பர் ஆஃப்செட் கொடுக்காவிட்டால் நோடிலேயே காட்டும்.

மோசமானது எப்போது? பீமுக்கு ஆஃப்செட், தூணின் பரப்பில் ஸ்லாபுக்குத் தனியே விறைப்பான பகுதி, அதற்குப் பிறகு வந்த எண்ணிலிருந்து கையால் இன்னொரு முறை முகத்துக்குக் குறைப்பது, மூன்றும் சேரும்போது. 69 வர வேண்டிய இடத்தில் 50-க்கும் கீழே வந்து நிற்கும். முடிவு எந்த இடத்து மொமென்ட் என்பதை வரைபடத்தில் சுட்டியை வைத்து, தூண் மையத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி முதல் எண் வருகிறது என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூண் மேலும் கீழும்

ஒரு தளத்தை மட்டும் தனியாக எடுக்கும் மாடலில் தூணைப் புள்ளித் தாங்கலாகக் கொடுத்தால், அது கத்தி முனையில் பீமை வைத்ததற்குச் சமம். மொமென்ட் தூணுக்குப் போகவே போகாது. மேல் தூண், கீழ் தூண் இரண்டையும் உண்மையான நீளத்தில் வரைந்து, அவற்றின் தூர முனைகளைப் பிடித்ததாகக் கொடுங்கள். செங்குத்துச் சுமைக்கு இந்தப் பதிலிச் சட்ட முறையை ஐ.எஸ். 456 ஏற்கிறது. மொட்டை மாடியில் கீழ்த்தூண் மட்டுமே.

அந்த வேறுபாடு சிறிதல்ல. கடைசித் தூணில், பீமின் முழுப் பிடிப்பு மொமென்ட்டில் தூண் வாங்கும் பங்கைப் பாருங்கள். நடுமாடி, 450 பக்கம் பீமின் திசையில் என்றால் 80 சதவீதம். மொட்டை மாடி, தூண் திரும்பி 300 பக்கம் பீமின் திசையில் என்றால் 48 சதவீதம். இது முழு வெட்டுமுகக் கணக்கு. நிலநடுக்கத் தரவிதி ஐ.எஸ். 1893:2016 சொல்லும் விரிசல் மாடிஃபையர்களை (விரிசலால் குறையும் விறைப்பின் விகிதங்களை), பீமுக்கு 0.35, தூணுக்கு 0.7 என்று இட்டால் அதே மொட்டை மாடி மூலை 64 சதவீதம் வாங்கும். 83-இல் 40 ஆக இருந்தது 54 ஆகிறது. பீமுக்கு மாடிஃபையர் போட்டுத் தூணுக்கு மறந்தால் பங்கு இன்னும் ஏறும். தூணுக்குப் போட்டு பீமுக்கு மறந்தால் மேல்கம்பி குறையும். எந்த அடிப்படையை எடுத்தாலும் கட்டடம் முழுக்க அதையே வையுங்கள். மொட்டை மாடி மூலையை இரண்டு அடிப்படையிலும் ஓட்டிப் பெரியதை எடுப்பது இந்தக் கரையில் வீணாகாது.

ராமநாதபுரம் மாவட்டம் ஐ.எஸ். 1893:2016-படி நிலநடுக்க இரண்டாம் மண்டலம். நிலநடுக்கத்தைவிடக் காற்றே இங்கே கட்டடத்தை ஆளும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த கரை இது. காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, 2015 பதிப்பு, புயல் காப்பகம் போல புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு 1.30 என்ற கூடுதல் பெருக்கெண் வைத்திருக்கிறது. காற்றால் வரும் முனை மொமென்ட் தனித்தள மாடலில் தானாக வராது. ஈடேப்ஸிலிருந்து சேஃபுக்குத் தளத்தை அனுப்பும்போது தளச் சுமையோடு தூண், சுவர் உருத்திரிபுகளையும் சேர்த்து அனுப்பும் தேர்வை எடுங்கள். வெறும் தளச் சுமை என்று அனுப்பினால் பக்கவாட்டு மொமென்ட் எல்லாம் ஈடேப்ஸிலேயே நின்றுவிடும்.

ரிலீஸ் எங்கே கொடுக்கலாம்

ரிலீஸ் என்பது பீமின் முனை மொமென்ட் எடுக்காதபடி மாடலில் விட்டுவிடுவது. தூணோடு ஒன்றாக வார்த்த பீமுக்குக் கொடுக்காதீர்கள். ‘மொமென்ட் மறுபகிர்வு ஆகிவிடும், நடுவில் கம்பி அதிகமாகவே இருக்கிறது’ என்ற வாதம் வரும். ஐ.எஸ். 456 மறுபகிர்வுக்கு 30 சதவீதம்தான் எல்லை வைத்திருக்கிறது. 54 இருந்த இடத்தில் 38 வரை இறங்கலாம், பூஜ்யம் வரை அல்ல. பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், விரிசல் அகலத்தை நடுவிலிருக்கும் கம்பி கட்டுப்படுத்தாது.

பிற்பாடு கெமிக்கல் ஆங்கர் வைத்துச் சேர்த்த பீம், பிராக்கெட் மேல் உட்கார்ந்த முன்வார்ப்பு பீம், இரும்பு பீம் ஆகியவற்றுக்கு ரிலீஸ் நியாயம். வளைவு மொமென்ட்டை மட்டும் விடுங்கள். இரண்டு முனையிலும் டார்ஷனையும் (முறுக்கையும்) சேர்த்து விட்டால் பீம் தன்னச்சில் சுழன்று மாடல் நிலைகுலையும்.

பெரிய பீமின் மேல் வந்து சேரும் துணை பீமுக்கு வேறு வழி இருக்கிறது. அங்கே பிடிப்பு பெரிய பீமின் முறுக்கிலிருந்து மட்டுமே வருகிறது, அது விரிசல் விட்டதும் குறைந்துவிடும். ரிலீஸ் கொடுப்பதற்குப் பதில் பெரிய பீமின் டார்ஷன் மாடிஃபையரை 0.1 ஆக்குங்கள். சமநிலைக்குத் தேவைப்படாத டார்ஷனை இப்படி ஒதுக்க ஐ.எஸ். 456 இடம் தருகிறது. ஆனால் சன்ஷேடு தாங்கும் லின்டல் பீமுக்கு இதைச் செய்யவே கூடாது. பின்னால் ஸ்லாப் இல்லாததால் அந்த முறுக்கு தூணுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 600 மி.மீ. நீட்டம், 100 மி.மீ. தடிமன் உள்ள சன்ஷேடு மீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோநியூட்டன்-மீட்டர் முறுக்கு தரும். அதைக் கணக்கில் வைத்து ரிங் போடுங்கள்.

மாடல் சொன்ன மொமென்ட்டுக்குத் தூணில் இடம் இருக்கிறதா

மென்பொருள் இதைப் பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும். மொட்டை மாடி மூலையில் 54-க்குத் தேவையான மேல்கம்பி சுமார் 340 ச.மி.மீ. 16 மி.மீ. இரண்டு போட்டால் 402, கணக்குச் சரி. ஆனால் எம்30-இல் எஃப்.இ. 500 தரக் கம்பியின் பிடிப்பு நீளம் (நழுவாமலிருக்க காங்கிரீட்டுக்குள் இருக்க வேண்டிய நீளம்) கம்பியின் விட்டத்தைப் போல 45 மடங்கு, 16-க்கு 725 மி.மீ. தூணின் 300 பக்கத்தில் கவர், ரிங், தூண் கம்பி போகக் கிடைமட்டமாக 230 மி.மீ. கிடைக்கும். 90 டிகிரி வளைவுக்கு 8 மடங்கு, 128. மீதி 367 மி.மீ. கீழே இறங்க வேண்டும், வளைவின் ஆரமும் சேர்ந்தால் 440-ஐத் தாண்டும். மேல்கம்பியிலிருந்து பீமின் அடிமட்டம் வரை இருப்பதோ சுமார் 380. தூணைப் பீம் அடி வரை முன்பே ஊற்றி இறுக விட்டிருப்பார்கள், கம்பி அதற்குள் இறங்காது. கம்பி கட்டுபவர் அங்கேயே வெட்டுவார், வேறு வழி அவருக்கு இல்லை.

12 மி.மீ. நான்கு போடுங்கள், 452 ச.மி.மீ. பிடிப்பு நீளம் 545. 230-ம் 96-ம் போக 219 மி.மீ. இறங்கினால் போதும், இடம் தாராளம். 45 கவரில் 230 பீமின் ரிங்குக்குள் 124 மி.மீ. இருக்கும், நான்கு கம்பிக்கிடையே 25 மி.மீ. சந்து வரும். 20 மி.மீ. ஜல்லிக்கு அது விளிம்பு. நெருக்கம் என்று தோன்றினால் நடுக் கம்பிகளில் ஒன்றை ரிங்குக்கு வெளியே ஸ்லாபுக்குள், தூணின் அகலத்துக்குள் விழும்படி ஓட்டலாம். தூணே 230 என்றால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. 45 கவரில் ரிங்கின் வெளியளவே 140 தான். கடலோரத்தில் 230 தூணைத் தவிர்க்க இதுவே காரணம்.

ஓட்டிய பிறகு

நான்கு சோதனை போதும். எதிர்வினைகளின் கூட்டு மொத்தச் சுமையோடு ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். தாங்கல்களுக்கிடையே சீரான சுமை உள்ள பீமில், இரு முனை மொமென்ட்டின் சராசரியோடு நடு மொமென்ட்டைக் கூட்டினால் 5 மீட்டருக்கு 125 வர வேண்டும். முகத்திலிருந்து எடுத்தால் 4.55 மீட்டருக்கு 103 அல்லது 104. குறைந்தால் மீதியை ஸ்லாபோ அச்சு விசையோ வைத்திருக்கிறது. ஒவ்வொரு நோடிலும் பீம் கொடுத்த மொமென்ட் மேல், கீழ்த் தூண்கள் வாங்கியதற்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உருமாறிய வடிவத்தை நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். பீம் தூணோடு செங்கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும். எங்காவது பீம் கீல்போல மடங்கியிருந்தால் அங்கே ரிலீஸ் மிச்சமிருக்கிறது அல்லது நோட் சேரவில்லை.

வரைபடத்தில் மொட்டை மாடி மூலை ஒவ்வொன்றுக்கும் தனி விவரப்படம் போடுங்கள்: கம்பி எவ்வளவு இறங்குகிறது, மேல் கவர் 45, கவர் பிளாக் எம்30-க்குக் குறையாத காங்கிரீட்டில், இணைப்புக்குள்ளும் தூணின் ரிங் தொடர வேண்டும் என்று எழுதுங்கள். கலவைக்கும் க்யூரிங்குக்கும் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தக்கூடாது, குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கம்பி உள்ள காங்கிரீட்டுக்கு ஆகாது என்பதையும் அதே தாளில் மேஸ்திரி கண்ணில் படும் இடத்தில் எழுதிவிடுங்கள்.